நடுத்துண்டு

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றிப் போகும் கூட்ஸ் வண்டிக்காக எண்ணூர்ப் பக்கம் அந்த ரயில்வே கேட்டை மூடினால் திறக்க இருபது நிமிடம் ஆகும். சில சமயம் அடுத்த வண்டியும் சேர்ந்துகொள்ளும். மற்றவர்கள் அந்த நேரத்தில் அரசாங்கத்தைத் திட்டுவார்கள். ஒவைஸும் அவன் கூட்டாளிகளும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள், தாளத்தோடு. தாளம் வேகன் சக்கரம் கொடுக்கும். அது தப்பினால் தவ்ஃபீக் காலி பெயிண்ட் வாளியில் தட்டுவான். சட்டம் ஒன்றுதான்: கேட்டு மேலே ஏறும்போது யார் முறையோ, அவன் வாயில் பாட்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோற்றான்.

இன்றைக்குத் தோற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் ராப் மேடை. கேட்டுப் பசங்களுக்கு ஒரே ஓர் இடம். அதற்கு மிச்சமிருந்தவர்கள் ஒவைஸும் பாஸ்கரும்.

ஃப்ரீஸ்டைல் என்றால் அந்த நொடியில் தோன்றுவதைப் பாடுவது. ஒவைஸுக்கு அந்த நொடி மூன்று நாள் முன்பே தோன்றி, பதினாறு வரியாக எழுதப்பட்டு, குளியலறையில் மனப்பாடமும் ஆகியிருந்தது. அதில் பன்னிரண்டு வரி பாஸ்கரின் அம்மா மலர்க்கொடியைப் பற்றி. அவள் கூவி மீன் விற்கும் குரல், எடை போடும் லட்சணம் எல்லாம் உண்டு. சம்பந்தப்பட்டவர் காதில் விழாது என்பதுதான் இந்தக் கலையின் அஸ்திவாரம்.

பாஸ்கர் தொடங்கினான்.

“மஜீது பாய் தெச்ச சட்ட, கை ரெண்டும் வேற அளவு,
புள்ள வாய தெக்க மறந்தாரு, அதான் ஊருக்கு இந்த இழவு.”

கேட்டில் பைக்கோடு காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். மஜீது பாய் ஒவைஸின் அப்பா, தையல்காரர். குற்றச்சாட்டில் பாதி உண்மை. ஒவைஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தான். அப்போதுதான் பாஸ்கரின் முதுகுக்குப் பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே மடியில் மீன் அன்னக்கூடையோடு மலர்க்கொடி.

அவள் கையாட்டினாள். “இன்னாடா ஒவைஸு, நிறுத்திக்கினே? பாடு, கேக்கறேன்.”

பதினாறு வரியும் அவன் தலையிலிருந்து இறங்கி ஓடிவிட்டன. தவ்ஃபீக் வாளியைத் தட்டிக்கொண்டே கண்ணால் அவசரப்படுத்தினான். வேகன்கள் போய்க்கொண்டிருந்தன. ஒவைஸ் வாயைத் திறந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக, என்ன வரும் என்று அவனுக்கே தெரியவில்லை.

“பரீச்சையில ஊத்திக்கினு பாலத்துமேல குந்திகினேன்,
வூட்டுக்குப் போக பயந்துகினு ரெண்டு நாளு சுத்திகினேன்,
கையப் புட்ச்சி இட்டுகினு சோறு போட்டா மலரத்த,
வஞ்சிரத்துல நடுத்துண்டு எனக்கு, தம்புள்ளைக்கு வெச்சா வாலத்த.”

பாஸ்கர் திரும்பிப் பார்த்தான். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“உன் முறை மாமு,” என்றான் தவ்ஃபீக்.

பாஸ்கரிடம் மஜீது பாயைப் பற்றி இன்னும் எட்டு வரி இருந்தது. எட்டும் நல்ல வரிகள். அவன் வாய் திறந்தான், மூடினான்.

“பேசேன்டா,” என்றாள் மலர்க்கொடி. “அந்தப் புள்ள எவ்ளோ அழகா சொல்லிச்சு. நீ இன்னா மரம் மாரி நிக்கற?”

“நீ கம்முனு இரேம்மா.”

“அது பாட்டுல சேராது,” என்றான் தவ்ஃபீக்.

கடைசி வேகன் போனது. மணி அடித்தது. கேட்டு மேலே ஏறியது, பாஸ்கர் அப்படியே நின்றான். சுற்றிலும் எல்லா வண்டிகளும் ஒன்றாக ஹாரன் அடித்தன. அதில் பாதி வழி கேட்டு அடித்ததுதான் என்றாலும், ஒவைஸ் முழுவதையும் தனக்கே எடுத்துக்கொண்டான்.

பாஸ்கர் அவன் தோளில் குத்தினான். “எங்கம்மாவ வெச்சே என்னிய அடிச்சிட்டியேடா. எழுதிக்கினு வந்தியா?”

“சத்தியமா இல்ல,” என்றான் ஒவைஸ். அந்த ஒரு வாரத்தில் அவன் சொன்ன ஒரே உண்மை அது.

மலர்க்கொடி ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினாள். “டேய் ஒவைஸு, வஞ்சிரமாடா அது? அன்னிக்குப் போட்டது பாறை மீனு. மேடையில ஏறி நாலு பேரு முன்னால பொய் சொல்லுவியா?”

ஒவைஸ் மனசுக்குள் வஞ்சிரத்தை எடுத்துவிட்டு அந்த வரியில் பாறையைப் போட்டுப் பார்த்தான். தாளம் இடித்தது. “அது உக்கார மாட்டேங்குது அத்த.”

அவள் அன்னக்கூடையின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். “ஏறு வண்டில. ஒரு வஞ்சிரம் கீது. இன்னிக்குத் துன்னுட்டன்னா பொய்யில்ல.”

பாஸ்கரும் பின்னாலேயே ஏறினான். “எனக்கு?”

“வாலு,” என்றாள் மலர்க்கொடி. “பாட்ட மாத்த முடியாது.”