காலி மேசைக்கு எத்தனை மதிப்பெண்

வாணியம்பாடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் நூலகர். நிரந்தரமில்லை, ஒப்பந்தம்தான். ஆண்டுதோறும் கேட்காமலே புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஆண்டு அதற்கு ஒரு மதிப்பீட்டை வைத்துவிட்டார்கள். பாதி மதிப்பெண்ணாவது வாங்கினால் நான் இருப்பேன். இல்லாவிட்டால் என் இடத்தில் ஒரு கணினியும் அதற்குத் துணையாக ஒரு வாட்ச்மேனும் வருவார்களாம். இதைச் சொல்லும்போது முதல்வர் குர்ஷித் மேடத்தின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"ரூல் வந்துடுச்சு மோகனா. நான் இன்னா பண்றது?"

நேரம் தவறாமைக்கு மதிப்பெண் உண்டு. புன்னகைக்குக்கூட உண்டு, அதை எப்படியாவது சமாளித்துவிடலாம். வீட்டுக்கு எடுத்துப்போகும் புத்தகங்களுக்கும் உண்டு. ஆனால் எங்கள் பெண்கள் எடுத்துப்போவதில்லை, கறை பட்டால் அபராதம் என்று பயம். எல்லாவற்றையும்விட அதிக மதிப்பெண் 'மேசைப் பயன்பாடு' என்ற ஒன்றுக்குத்தான். வாசகர்கள் படித்துவிட்டு மேசையிலேயே விட்டுப்போகும் புத்தகங்களை மாலையில் எண்ணி எழுத வேண்டும். அதற்காகவே எல்லா நூலகத்திலும் 'படித்த நூலை மேசையிலேயே வைக்கவும்' என்று எழுதிப் போட்டிருப்பார்கள். எங்கள் சுவரிலும் இருக்கிறது. அதை ஒருத்தியும் மதித்ததில்லை.

காரணம் ஷூ கம்பெனி. எங்கள் மாணவிகளில் பாதிப்பேர் விடிகாலை ஷிஃப்டில் ஷூவுக்கு மேல்தோல் தைத்துவிட்டு, மதிய வகுப்புக்கு வருகிறவர்கள். கத்தரியை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் அங்கே சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கிழிகிழியென்று கிழித்துவிடுவார். அந்தப் பழக்கம் விரலில் ஊறிப்போய்விட்டது.

வகுப்புக்கு முந்தைய அந்த மதியப் பொழுதை எப்படிச் சொல்வது? பாலாற்றுப் பக்கமிருந்து பதனிடும் தோலின் வாடை வெயிலோடு சேர்ந்து உள்ளே வரும். மின்விசிறி தூக்கத்திலேயே சுற்றும். செருப்பை வெளியே விட்டுவிட்டு அவர்கள் சத்தமில்லாமல் வந்து உட்காருவார்கள். ஒருத்தி கன்னத்தைப் புத்தகத்தின்மேல் வைத்துத் தூங்குவாள். கை மட்டும் பக்கத்தைப் பிடித்திருக்கும். இன்னொருத்தி உதடு அசைய எதையோ படிப்பாள், வெளிச்சம் அவள் பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்து அடுத்தவளிடம் போகும். எனக்கும் கண் திறந்தபடியே மனம் எங்கோ போய்விடும். மணி அடித்ததும் பார்த்தால் ஆளில்லை. நாற்காலிகள் உள்ளே தள்ளியிருக்கும். அலமாரியில் ஒரு புத்தகம்கூட வரிசை பிசகியிருக்காது. வந்தார்களா, நானாகக் கண்டேனா என்று எனக்கே சந்தேகம் வரும். சாட்சியில்லாத ஒரு கனவைத் தினமும் கண்டுவிட்டு, அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சைராவைப் பிடித்துக் கெஞ்சினேன். மற்ற பெண்கள் அவள் சொன்னால் கேட்பார்கள். "கொஞ்ச நாளைக்கு பொஸ்தகத்த டேபிள்லயே வுட்டுட்டுப் போங்கடி."

"சரிங்க மேடம்" என்றாள். மறுநாள் எல்லாரும் அப்படியே விட்டுப் போனார்கள். வாசல்வரை போன சைரா நின்றாள். திரும்பி வந்தாள்.

"பேஜாரா இருக்குது மேடம்" என்று தன் புத்தகத்தை அலமாரியில் வைத்தாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்துவிட்டார்கள்.

அன்று மாலை நானே நாலு புத்தகங்களை உருவி மேசையில் பரப்பினேன். யாருமில்லாத அறையில் எனக்கு வெட்கமாக இருந்தது. எடுத்து வைத்துவிட்டேன்.

மதிப்பீட்டுக்கு வேலூரிலிருந்து வேலாயுதம் வந்தார். அவரும் ஒரு கல்லூரி நூலகர்தான். குர்ஷித் மேடம் போட்ட பிரியாணியில் அவருக்குக் கண் சொருகியது. மாணவிகள் இன்னும் வந்திருக்கவில்லை. காலி மேசைகளைப் பார்த்தார்.

"இன்னா மேடம், யாருமே படிக்கறதில்லயா?"

"படிக்கறாங்க சார்."

"எங்க?"

எதைக் காட்டுவது? அவர் மதிப்பீட்டுக் கோப்பைத் திறந்து, மேசைப் பயன்பாட்டுக்குப் பென்சிலால் ஒரு சுழியம் போட்டார். கோப்பை மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். நான் ஜன்னலோரம் போய் நின்றேன். அழக் கூடாது என்று நினைத்தேன்; அழுதேன். என் முதுகுக்குப் பின்னால் பெண்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

அவர் திரும்பி வந்தபோது கோப்பைக் காணோம்.

மேசைக்கு மேலும் கீழும் தேடினோம். குர்ஷித் மேடம் ஓடி வந்தார். வேலாயுதம் என்னைப் பார்த்தார். அந்தச் சுழியத்தை நான் ஒளித்துவிட்டேன் என்று நினைக்கிறார். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. என் மேசை இழுப்பறைகளை எல்லாம் இழுத்துத் திறந்து காட்டினேன். கடைசி இழுப்பறையை இழுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கோப்பின் அட்டையில் என்ன எழுதியிருந்தது? 'நூலகர் பணி மதிப்பீடு.'

கடைசி வரிசைக்குப் போனேன். 'நூலக இயல்' தட்டில், இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே, முதுகு நேராக அது நின்றுகொண்டிருந்தது.

"நான்தான் மேடம்" என்று சைரா எழுந்தாள். "டேபிள்ல கெடந்துச்சு. நூலகர்னு போட்டிருந்துச்சா, அதான் அங்க வெச்சேன். தப்புங்களா?"

வேலாயுதத்தின் தூக்கம் போய்விட்டது. "எல்லாத்தயுமே இப்டி எடுத்து வெச்சிடுவீங்களா?"

"வெக்காம எப்டி சார்?"

அவர் சுவரிலிருந்த அறிவிப்பைப் படித்தார். பிறகு, "இந்த மாசம் இங்க படிச்சதெல்லாம் எடுத்துனு வாங்கம்மா. டேபிள்ல வைங்க" என்றார்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெல்ல எழுந்து அலமாரிகளுக்கு நடுவே மறைந்தார்கள். ஒவ்வொருத்தியாக வெளிச்சத்துக்கு வந்து வைத்துவிட்டு மறுபடி உள்ளே போனார்கள். தாவரவியல், உருதுக் கவிதை, வங்கித் தேர்வு, கடல் மீன்கள். எல்லம்மா ஒரு பெரிய அட்லஸை இரண்டு கையாலும் தூக்கி வந்தாள். மேசைகள் நிறைந்தன; நாற்காலிகளிலும் அடுக்கினார்கள். என் ஆண்டுகள் எல்லாம் கண்முன்னே குவிந்துகொண்டிருந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வேலாயுதம் எண்ணவில்லை. சுழியத்தை அழித்தார். முழு மதிப்பெண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, கோப்பைக் குர்ஷித் மேடத்தின் கையிலேயே கொடுத்தார். "இந்தம்மாவ வுட்டுடாதீங்க."

மணி அடித்தது. சைரா வழக்கம்போல ஒரு கை நிறையப் புத்தகங்களை அள்ளினாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"கீழ வைடி. கிளாசுக்கு ஓடு. இன்னிக்கு ஒருநாளாவது என் வேலய என்னச் செய்ய வுடு."