ஆர்விட் வண்டிக்குப் பின்பாரம்

அன்று காலை எட்டேகாலுக்குப் பெட்ரோல் நிலையத்தில் இருந்தவர்கள்: இரவு வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாத நான், ஆர்விட் நீமி, அவருடைய அக்கா எல்மா. வெளியே ஆர்விட்டின் பழைய பிக்கப்.

வண்டி மேட்டில் ஏறவில்லை. நகர அலுவலகம் மேட்டின் உச்சியில். இந்தக் குளிர்காலத்துக்குத் தெருப் பனி தள்ளும் டெண்டர் ஒன்பது மணிக்கு முடிகிறது. விலை எழுதிய உறையோடு வண்டியும் அலுவலக வாசலில் நிற்க வேண்டும். ஆர்விட்டுக்கு ஆலை வேலை போய் மூன்று மாதம். இதுவும் போனால் ஊரில் வேறு வேலை இல்லை.

"ஊர் பனியத் தள்ளப் போறாராம். ஒரு மேடு ஏற முடியல," என்றாள் எல்மா, டோனட்டைக் கடித்தபடி.

"சும்மா இருக்கியா அக்கா?"

நான் போய்ப் பார்த்தேன். முன்னால் பனி தள்ளும் இரும்புப் பலகை. அந்தக் கனத்தில் மூக்கு தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி நின்றது. பின்பெட்டி நிறையப் பனி.

"இது எதுக்குண்ணே?"

"பாரம்ப்பா. பின் சக்கரம் வழுக்கக் கூடாதுல்ல? இதுதான் சும்மா கெடைக்குது."

"நேத்து விழுந்தது வெறும் பஞ்சு. மொத்தத்தையும் சேத்தாலும் எல்மாக்கா எடைக்குக் காணாது."

"என்னடா சொன்ன?" என்றாள் எல்மா.

பனியை வாரிக் கொட்டினோம். கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை போகப் போடும் உப்பு நிலையத்துக் கடையில் அடுக்கியிருந்தது, மூட்டை நாற்பது பவுண்டு. பன்னிரண்டு மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர்மேலே போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். பிடிப்புக்காகப் பின் டயர்களில் கொஞ்சம் காற்றையும் இறக்கினேன்.

"மூட்டையெல்லாம் மத்தியானத்துக்குள்ள கடைக்குத் திரும்பி வரணும். ஒரு மூட்டை கிழிஞ்சாலும் முதலாளி என்னக் கிழிப்பாரு."

மூவரும் முன்னிருக்கையில் நெருக்கிக்கொண்டு ஏறினோம். பாதி மேட்டில் சக்கரம் சுழன்றது. ஆர்விட் ஆக்சிலேட்டரை மிதித்தார்.

"மிதிக்காதீங்கண்ணே! மெல்ல, மெல்ல."

காலைத் தளர்த்தினார். சக்கரம் தரையைக் கடித்தது. வண்டி முனகிக்கொண்டே ஏறியது. எல்மா ஜன்னலைத் திறந்து, கேட்க ஆளே இல்லாத தெருவைப் பார்த்துக் கூவினாள்.

வாசலில் எழுத்தர் ஹில்டா சாவியோடு நின்றாள். ஒன்பதுக்கு ஒரு நிமிடம். வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"உப்பு வியாபாரமா ஆர்விட்?"

"பனி வியாபாரம்மா."

"உள்ள வா. நீ மட்டும்."

ஆர்விட் பூட்ஸைத் தட்டிவிட்டு உறையோடு உள்ளே போனார்.

"எங்களுக்குக் காப்பியாவது குடு ஹில்டா!" என்று எல்மா கத்தினாள்.

ஹில்டா சரியாக ஒன்பதுக்குக் கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டினாள்.