லிஜியின் அப்பாவை நீக்கிய பிறகு

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கொச்சியில், காக்கநாட்டு அலுவலகமொன்றில் நான் பார்த்த ஒரு சண்டைதான் இந்தக் கதை. அன்று காலை மழை… வேண்டாம், எல்லாக் கதையிலும் மழை பெய்கிறது.

மருத்துவமனை மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, டேட்டாபேஸில் இருந்த 'அலர்ஜி' என்ற கட்டத்தை அங்கே வேலை பார்க்கும் பிஜோய் தூக்கி வேறு அட்டவணையில் போட்டுவிட்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை. மென்பொருள் நிற்கவில்லை, அந்த இடத்தைக் காலியாகக் காட்டியது. காலி என்றால் அலர்ஜி இல்லை என்றுதானே நர்ஸ் நினைப்பார்?*

* அவர்மேல் குற்றமில்லை. நானும் அப்படித்தான் நினைப்பேன்.

2

அவனுக்கு மூத்தவளான லிஜி அந்த மென்பொருளுக்குள்ளேயே ஒரு காவல் நிரல் வைத்திருந்தாள். மென்பொருள் கிளம்பும்போது எந்தெந்தக் கட்டங்கள் இருக்கின்றன என்று அது குறித்துக்கொள்ளும். பிறகு நிமிடத்துக்கொரு தடவை ஒப்பிடும், மாறியிருந்தால் கத்தும்.

கத்தியது.

[லிஜியின் அப்பா வர்க்கிச்சன் அதே மருத்துவமனையில், நான்காம் வார்டில். பென்சிலின் ஆகாத உடம்பு. — சே, அழுவாச்சி. நீக்குகிறேன்.]

"எடா பிஜோயே, எதை மாத்தினே?"

"உங்க காவல்காரனுக்கு எதுக்கெடுத்தாலும் கூப்பாடு சேச்சி. ரீஸ்டார்ட் பண்ணேன். பாருங்க, வாயே தொறக்கல!"

லிஜி காவலின் குறிப்பைத் திறந்து பார்த்தாள். புதிதாகக் கிளம்பிய காவல், மாறிப்போனதையே பழசு என்று குறித்துக்கொண்டிருந்தது. இனி அது கத்தாது.

"பாவி, திரும்ப வைடா!"

"பத்து நிமிஷம் ஆகும் சேச்சி…"

3

லிஜி போனை எடுத்து நான்காம் வார்டுக்கு

இல்லை. அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? நான்தான் நீக்கிவிட்டேனே. அடித்துவிட்டு எழுதுகிறேன். மறுபடியும் அதே வார்டுக்குத்தான் அழைக்கிறாள்.

"யாரைத் தேடறேன்னு எனக்கே தெரியல சாரே," என்கிறாள், என்னிடம். "ஆனா யாரோ இருந்தாங்க. இப்ப அந்த இடம் காலியா இருக்கு. காலின்னா இல்லைன்னு அர்த்தமா?"

முதல் வரியிலிருந்து திரும்ப எழுதிவிடலாம். அப்பாவே இல்லாதவளாகக் கிளம்புவாள், எதையும் கேட்கமாட்டாள். நிம்மதிதான், அவளுக்கும் எனக்கும். '1' என்று அடித்தும்விட்டேன். அதற்குமேல் போக மனம் வரவில்லை.

4

வார்டில் போனை எடுத்துவிட்டார்கள்.

"பதினஞ்சு பேருக்கு பென்சிலின் ஊசி ரெடியா இருக்கு மேடம். யாருக்கு நிறுத்தணும்? சீக்கிரம் பேரைச் சொல்லுங்க."

லிஜிக்குப் பெயர் தெரியாது. நீக்கியதே நான், என் வாயால் சொல்ல முடியாது. அடைப்புக்குறிக்குள் இருந்ததை நீங்கள் படித்தீர்கள்.

அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.