அம்மாவைப் பார்த்துக் கத்திய வாசல்

‘கீய்ங்... கீய்ங்... கீய்ங்!’

மாநாட்டு மண்டபத்தின் வாசலில் சிவப்பு விளக்கு சுழன்றது. அணுக் கழிவுகளை எங்கே, எப்படிப் பத்திரமாக அடக்கி வைப்பது என்று பேசக் கூடியிருந்த நானூறு நிபுணர்களும், கையில் காபிக் கோப்பையோடு ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

கதிர்வீச்சு இருந்தால் கத்தும் வாசல் அது. கருவி விற்கும் கம்பெனி ஒன்று விளம்பரத்துக்காக நிறுத்தியிருந்தது. நானூறு பேரும் அதன் வழியாகத்தான் உள்ளே போயிருந்தார்கள். ஒருவரைப் பார்த்தும் அது வாயைத் திறக்கவில்லை.

இப்போது அதன் நடுவில் நின்றவர் ஓர் அம்மா. நகரப் பேருந்தில் இருபத்தாறு வருடமாகக் கண்டக்டர்.

“எதுக்கு இது கத்துது? நான் என்ன டிக்கெட் இல்லாமலா ஏறிட்டேன்?”

அவரை அழைத்து வந்த மகளுக்குக் கை கால் ஓடவில்லை. இன்னும் இருபது நிமிடத்தில் மேடையேறிப் பேச வேண்டியவள் அவள். முதல் பேச்சு. கழிவு மேலாண்மையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அம்மா ஒரு நாளும் அந்த வேலையின் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், “ஏதோ கம்பெனில இருக்கா” என்பதோடு சரி. “இவ்வளவு படிச்சுட்டுக் குப்பை அள்ளப் போறான்னு எந்த வாயால சொல்றது?” என்று வீட்டில் முணுமுணுப்பார். நாலு பேர் முன்னால் ஒரே ஒரு தடவை அம்மா அதைத் தலைநிமிர்ந்து சொல்லிவிட மாட்டாரா என்ற ஏக்கத்தில்தான், கெஞ்சிக் கூத்தாடி இன்று கூட்டி வந்திருந்தாள். வாசலிலேயே இப்படி!

கருவிக் கம்பெனியின் விற்பனையாளர் முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தார். “பாத்தீங்களா! வேலை செய்யுது!”

கைக்கருவி ஒன்றை அம்மாவின் அருகில் நீட்டினார். திரையில் ஒரே ஒரு கூர்மையான மேடு எழுந்தது. மகளுக்கு அதற்கு மேல் எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை.

“டெக்னீசியம்” என்றாள். “அம்மா, நேத்து எங்க போன?”

“எங்க போனேன்? டிப்போவுக்கு.”

“பொய் சொல்லாத. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க. அந்தக் கதிர்வீச்சு மருந்தை ஊசியில போட்டு, ஒரு மெஷினுக்கு அடியில படுக்க வச்சிருக்காங்க.”

அம்மா வாசலை முறைத்தார். “போட்டுக் குடுத்துடுச்சா சனியன்?”

இதற்குள் நிபுணர்கள் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு நாளாகப் புள்ளிவிவரம் கேட்டே கொட்டாவி விட்டவர்கள். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது.

“எலும்பு ஸ்கேனா இருக்கும்” என்றார் ஒரு வழுக்கைத் தலையர்.

“இதயம் சார். பந்தயம் கட்டறீங்களா?” என்றார் ஒரு நெட்டையர். “எத்தனை மணிக்கும்மா போட்டாங்க?”

“மூணு மணிக்கு.”

“அந்த மருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகும்... அப்போ இப்ப எட்டுல ஒரு பங்குதான் மிச்சம்!”

“ஏன்யா, ஆளாளுக்கு என்னைக் கணக்குப் போடறீங்க? வழியில நிக்காதீங்க, உள்ள தள்ளி நில்லுங்க!”

நானூறு பேரும் தள்ளி நின்றார்கள். குரல் அப்படி.

மகளின் கண் கலங்கியிருந்தது. “இதயமாம்மா?”

“படி ஏறினா மூச்சு வாங்குச்சு. படம் எடுத்துப் பாத்துடலாம்னாங்க. உன்கிட்ட சொன்னா, பேச்சும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு என் காலடியிலயே உக்காந்துடுவ.”

“ரிசல்ட்?”

“வர்ற வழியில போன்ல வந்துது. நான் பாக்கல. இந்தா, நீயே படி.”

மகள் போனை வாங்கினாள். சுற்றியிருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

“இதயத்துக்கு ரத்த ஓட்டம் சீரா இருக்கு. அடைப்பு எதுவும் இல்ல. ரத்தசோகைதான்... மாத்திரை போதுமாம்!”

கூடம் அதிரக் கைதட்டல். நெட்டையர் வழுக்கைத் தலையரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அம்மா மட்டும் கடுகடுவென்று, “இதுக்கு ஏன்டி அழற? மூக்கைத் துடை” என்றார். துடைத்துவிட்டதும் அவர்தான்.

“எல்லாம் சரிங்க” என்று குறுக்கே வந்தார் வாசல் காவலர். “சிவப்பு விளக்கு எரிஞ்சா உள்ள விடக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு.”

“அவர் சொல்றது நியாயம்” என்றார் அம்மா. “நானும் டிக்கெட் இல்லன்னா மந்திரியா இருந்தாலும் இறக்கி விட்டுடுவேன். நீ போய்ப் பேசு. நான் வெளிய நிக்கறேன்.”

மகளின் முகம் வாடிப்போனது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், அந்த அமர்வை நடத்தவிருந்த பேராசிரியை. “ஒரு லட்சம் வருஷத்துக்குக் கழிவைப் பாத்துக்குவோம்னு மேடையில மார்தட்டறோம். ஒரு அம்மாவை ஒரு மணி நேரம் பாத்துக்க முடியாதா? நான் பொறுப்பு. எழுதியே தரேன்.”

எழுதித் தந்தார். காவலரின் திருப்திக்காக, முன்வரிசையில் அம்மாவுக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு நாற்காலிகளைக் காலியாக விட்டார்கள்.

அம்மா சாவகாசமாகக் கையை விரித்து உட்கார்ந்தார். “என் சர்வீஸ்ல இப்படி ஒரு காலி சீட்டை நான் பாத்ததே இல்ல.”

மகள் பேசினாள். மருத்துவமனைகளிலிருந்தும் ஆய்வுக்கூடங்களிலிருந்தும் வரும் கழிவைச் சிமெண்டில் குழைத்து, இரும்புப் பீப்பாயில் இறுக்கி, தண்ணீர் புகாமல் காப்பது பற்றி. முதல் இரண்டு நிமிடம் குரல் தடுமாறியது. பிறகு அம்மாவின் பக்கம் பார்ப்பதையே மறந்துவிட்டாள். ஆரம்பச் சோதனைகளில் வெடித்துப்போன பீப்பாய்களின் படத்தைக் காட்டி, “இதெல்லாம் என் கைங்கர்யம்தான்” என்றபோது கூடமே சிரித்தது. மணி அடித்தது. பேராசிரியை கேள்விகளுக்கு அழைத்தார்.

முதல் கை முன்வரிசையில் உயர்ந்தது.

ஒருவர் மைக்கோடு ஓடி வர, “எனக்கு எதுக்கு அது?” என்று எழுந்தார் அம்மா.

“இங்க ஒரு வழக்கம் இருக்கும்மா” என்றார் பேராசிரியை. “நீங்க யாரு, என்ன வேலைன்னு சொல்லிட்டுத்தான் பேச ஆரம்பிக்கணும்.”

மேடையில் மகள் மேசை விளிம்பை இறுகப் பிடித்தாள். இங்கேயும் ‘ஏதோ கம்பெனி’தானா?

அம்மா மேடைக்கு முதுகைக் காட்டி, நானூறு பேரையும் பார்த்துத் திரும்பினார். பேருந்தின் கடைசிப் படி வரைக்கும் எட்டுகிற குரலை எடுத்தார்.

“நான் பஸ் கண்டக்டருங்க, இவளோட அம்மா, நேத்து ஊசி போடறப்போ பயமா இருக்கான்னு டாக்டர் கேட்டார், ‘எனக்கென்ன பயம், மருந்து மிச்சம் இருந்தா பத்திரமா மூடி வைங்க, என் பொண்ணு வந்து எடுத்துக்குவா, அதுதான் அவ வேலை’ன்னு சொல்லிட்டு வந்தேன்!”