சில்லர் வீட்டுத் தொட்டியின் சூடு

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று புத்திசாலித்தனமாகச் சொல்ல வாயெடுப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்வது நிஜமான பொய். ஒரே சொல்: இருபத்தாறு. சொன்ன இடம் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். சொன்னவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். கேட்டவள் அவர் மனைவி. வீட்டிலிருக்கும் கடல்மீன் தொட்டியில் தண்ணீர் எத்தனை டிகிரி என்று கேட்டாள்.

அந்த லிஃப்ட் மெக்கானிக் நான்தான். முதலில் 'நான்' என்று வைத்துத்தான் எழுதினேன். நாலு வரி தாண்டுவதற்குள் அந்த 'நான்' மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டான். அடித்துவிட்டு 'அவர்' என்று போட்டதும் கை தாராளமாக ஓடியது. மரியாதை விகுதி போட்டுக்கொண்டே ஒரு ஆளை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

2.

நான் எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

அந்தக் கோடையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கடல் மூச்சுவாங்கிக்

(மூன்றடிப் பெட்டிக்குள் கடல் எங்கே அடங்கும்? அதற்குள் இருந்தது ஒரு மோட்டார், கொஞ்சம் பாறை, பூ மாதிரி விரிந்து சுருங்கும் கடல் சாமந்தி ஒன்று, கோமாளி மீன் ஜோடி ஒன்று, இவை எல்லாம் சேர்ந்து போட்ட அழுக்கு.)

மீன் அழுதால் யாருக்குத் தெரியும்

(சீ.)

அவள் போன பிறகு வீட்டில்

(இதை முடிக்க வரவில்லை. முடிக்காததும் நல்லதுதான். அவள் இறந்துவிட்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்து உங்கள் கண்ணைக் கசக்க வைப்பது மட்டமான வேலை.)

மீனைக் குறியீடாக்கி வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த மாடியிலேயே இறங்கிக்கொள்ளலாம். இந்தக் கதையில் மீன் மீன்தான். சூடு அதிகமானால் செத்துப்போகும்.

3.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் மற்றவர்களின் சர்க்கரையையும் உப்பையும் அளந்துவிட்டு, வீட்டுக்கு வந்து தொட்டியின் உப்பை அளப்பாள். அவர் அதைக் கேலி செய்யாத நாளில்லை.

"உன் பிள்ளைங்களுக்கு ஜலதோஷம் வந்துடப் போகுது, போர்வை போத்தி விடு."

"உங்களுக்குப் போத்தினதுக்கே இன்னும் நன்றி வரல. தள்ளுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

கோடை தொடங்கிய வாரத்தில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போகும்போது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது தன்னைப் பற்றி அல்ல. "நான் திரும்பி வரும்போது ரெண்டும் உயிரோட இருக்கணும். இருபத்தஞ்சு, இருபத்தாறு. அதுக்கு மேல போகவிடாதீங்க."

மறுநாள் மாலை அவர் வேலையிலிருந்து நேராக அங்கே போனார். வீட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எத்தனை டிகிரி?" என்றாள். பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதுவும் ஒரே சொல்தான். ஆனால் "இருபத்தாறு" என்றார். அவள் "அப்பாடா" என்று கண்ணை மூடி, வந்ததிலிருந்து முதல்முறையாகத் தூங்கினாள்.

வீட்டுக்குப் போய்த் தொட்டியில் ஒட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தார். முப்பத்தொன்று. மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

நடந்தது இவ்வளவுதான். இதற்குமேல் வரப்போவதெல்லாம் ஒரு ஆள் தன் பொய்யை உண்மையாக்க ஐந்து வாரம் பட்ட கேவலமான பாடு.

4.

இங்கே ஒரு பாத்திரத்தை உள்ளே விட வேண்டியிருக்கிறது. எனக்கு அவரைப் பிடிக்காது. கடல்மீன் வளர்ப்போர் குழுவின் தலைவர். எதைக் கேட்டாலும் 'சில்லர் வாங்குங்க' என்பார். தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம் அது. மீன் மந்தமாக இருக்கிறதா, சில்லர். பாசி படிகிறதா, சில்லர். பல் வலி என்று சொன்னாலும் அதையேதான் சொல்லியிருப்பார். வீட்டில் எங்களுக்குள் அவர் பெயரே சில்லர்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினார் நம் மெக்கானிக். சில்லர் தொட்டிக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன சார் இது, மீனைக் குளிப்பாட்டப் போறீங்களா? வெந்நீர் தயாரா இருக்கு."

"வேற வழி இருந்தா சொல்லுங்க. இப்ப சில்லர் வாங்குற நிலைமையில இல்ல. ஆஸ்பத்திரி..."

"புரியுது சார். ஆனா இந்தப் பொழுதுபோக்குல கஞ்சத்தனம் கூடாது பாருங்க. வேணும்னா நான் எடுத்துட்டுப் போய் வெச்சுக்கறேன். ஜோடி நல்லா இருக்கு."

கண்ணில் ஒரு பளபளப்பு. அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார் என்று எழுதி நடுநிலை காட்டலாம். எழுத மாட்டேன்.

5.

சில்லரை வாசல்வரை அனுப்பிவிட்டு மெக்கானிக் தன் மூளையை நம்பினார். இனி வருவது அந்த மூளையின் சாதனைகள்.

முதலில் ஒரு சாக்கை நனைத்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டினார். மண் பானைக்குச் செய்வதைக் கண்ணாடிக்குச் செய்தார். கண்ணாடி கசியாது என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. தரை மட்டும் ஜில்லென்று ஆனது. பிறகு, தண்ணீர் வேகமாக ஓடினால் குளிரும் என்று இரண்டாவதாக ஒரு மோட்டாரை உள்ளே இறக்கினார். முப்பது வருஷம் மோட்டார் அறைகளில் நின்று சட்டை நனைந்த மனிதர் இவர். தண்ணீருக்குள் இருக்கிற மோட்டாருக்கு மட்டும் சூடு கிடையாது என்று எப்படி நினைத்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். முப்பத்தொன்றரை ஆயிற்று.

வழி தெரிந்தவள் ஒருத்திதான். அவளிடம் கேட்க முடியாது. அவளைப் பொறுத்தவரை தொட்டி இருபத்தாறில் சுகமாக இருக்கிறது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"இன்னிக்குச் சில்லரைப் பார்த்தேன்" என்றார் கட்டிலோர ஸ்டூலில் உட்கார்ந்து. "பாவம், அவர் தொட்டி முப்பத்தொண்ணாம்."

அவள் தலையணையில் தலையைத் திருப்பினாள். "அவர்கிட்டதான் சில்லர் இருக்கே?"

"ரிப்பேராம்."

"ஓ." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "மூடியைத் தூக்கிட்டாரா?"

"தூ... இல்லைன்னு நினைக்கிறேன்."

"தூக்கச் சொல்லுங்க. மீன் எகிறிக் குதிக்காம இருக்கக் கொசுவலை கட்டணும். ஒரு சின்ன ஃபேனைத் தண்ணி மேல படுற மாதிரி சாய்ச்சு வைக்கச் சொல்லுங்க. தண்ணி ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துட்டுப் போயிடும். விளக்கைப் பகல்ல அணைச்சுட்டுச் சாயங்காலத்துக்கு மேல போடணும். ஜன்னல்ல வெயில் வருதா?"

"அவர் வீட்டுலயா?"

"வேற யார் வீட்டுல?"

"வருது."

"திரை போடச் சொல்லுங்க. மோட்டார் எத்தனை ஓடுது?"

"ரெண்டு."

"ரெண்டா! எந்த மடையன் சொன்னான் ரெண்டு போடச் சொல்லி? மோட்டார் சூடாகாதா?"

"சொல்றேன்" என்றார் அந்த மடையர்.

(தன்னை 'அவர்' என்று சொல்லி நடந்ததைச் சொல்வது நான் இந்தக் கதைக்காகக் கண்டுபிடித்த உத்தி என்று மேலே பீற்றிக்கொண்டேன். இல்லை. ஆஸ்பத்திரியிலேயே பழகிவிட்டது.)

ஃபேன் வைத்ததும் இருபத்தொன்பதுக்கு இறங்கியது. ஒரு வாரம் நிம்மதி. பிறகு மீன்கள் மறுபடியும் சுணங்கின. கடல் சாமந்தி உள்ளுக்குள் சுருண்டு ஒரு பழைய துணி மாதிரி ஆனது. மறுபடியும் ஸ்டூல்.

"சில்லருக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. தினமும் ஒரு வாளி தண்ணி குறையுதாம். விடாம ஊத்தறாராம்."

"என்ன தண்ணி ஊத்தறார்?"

"உப்புத் தண்ணிதான். பாக்கெட் உப்பை நீ கரைக்கிற மாதிரியே அளந்து கரைச்சு. உப்புத் தொட்டிக்கு வேற எதை ஊத்துவாங்க?"

அவள் சொட்டு மருந்து இறங்கும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு வருஷமா மீன் வளர்க்கிறவர் அவர்" என்றாள்.

"ஆமா."

"ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான். உப்பு எங்கேயும் போகாது, அங்கேயேதான் உக்காந்திருக்கும். அது மேல இன்னும் உப்பைக் கொட்டினா என்ன ஆகும்? சுத்தமான வெறும் தண்ணி ஊத்தணும், கோடு போட்டு வெச்சு, குறைஞ்சது மட்டும். ஏறின உப்பை ஒரே நாள்ல இறக்கக் கூடாது. நாலஞ்சு நாள் ஆகணும். பொறுமையா பண்ணச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"திட்டினேன்னு சொல்ல வேண்டாம்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நம்ம தொட்டி எத்தனை?"

"இருபத்தாறு."

6.

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வருகிறது. அவளை எழுதியவன் என்ற முறையில் வருகிற சந்தேகம்.

பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷம் இருந்தவள். ஒரு கருவி தினமும் ஒரே எண்ணைக் காட்டினால் முதல் வேலையாக அதைப் பிரித்துப் போடுகிறவள். சில்லர் இல்லாத தொட்டி, ஊர் முழுக்கக் கொதிக்கிற கோடை, நாள் தவறாமல் இருபத்தாறு. இதை நம்பினாளா? நம்பினாள் என்று எழுதினால் அவளை முட்டாளாக்குகிறேன். நம்பவில்லை என்று எழுதினால், அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கெட்டிக்காரத்தனமாக நடித்த மனிதரைப் பார்த்து அவள் ஐந்து வாரம் பரிதாபப்பட்டிருக்கிறாள்.

இன்னொன்றும் உண்டு. ஒருநாள் மதியம் நிஜமான சில்லர் பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கேள்விப்பட்டதும் மெக்கானிக் ஓடிப்போய் அவரைப் பிடித்தார்.

"என்ன சார் பேசினீங்க?"

"பொதுவாத்தான் சார். என் தொட்டி எப்படி இருக்குன்னு விசாரிச்சாங்க. அந்த நிலைமையிலயும் என்ன அக்கறை பாருங்க!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கென்ன சார், சில்லர் இருக்கு. ஜம்முனு இருக்குன்னேன்."

அன்று மாலையும் அவள் "எத்தனை?" என்றாள். அவரும் சொன்னார். "சில்லர் எப்படி இருக்கார்?" என்று அடுத்துக் கேட்டாள். "தேவலையாம்" என்றார். "பாட்டில் போடச் சொல்லுங்க" என்றாள் அவள். "தண்ணி ரொப்பி இறுக்கி மூடி, ஃப்ரீசர்ல உறைய வெச்சு, மூடியோடயே மிதக்க விடணும். ஒரு நேரத்துல ஒண்ணுதான். சடார்னு குளிர்ந்தா அதுவும் ஆபத்து."

இதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் எல்லா விதமாகவும் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

7.

மெக்கானிக் விடுப்பு எடுத்தார். பதினோரு பாட்டில்கள். ஃப்ரீசரில் வேறு எதற்கும் இடமில்லை. ஒன்று உருகுவதற்குள் அடுத்தது. அரை டிகிரி, அரை டிகிரியாக. கூடுதல் மோட்டார் பரணுக்குப் போயிற்று. ஜன்னலில் திரை வந்தது. கோட்டுக்குக் கோடு வெறும் தண்ணீர். இருபத்தெட்டு. இருபத்தேழரை. இரண்டு நாள் அங்கேயே அடம்பிடித்தது.

முப்பத்துநாலாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு இருபத்தாறு.

மெக்கானிக் வெப்பமானியைத் தட்டிப் பார்த்தார். இருபத்தாறுதான். சாமந்தி லேசாக விரல்களை நீட்டியிருந்தது. ஜோடியில் பெரியது அதற்குள் புரண்டுகொண்டிருந்தது. அவர் சட்டையை மாற்றாமல் கிளம்பினார். பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனார்.

வழியில்தான் உறைத்தது. சொல்வதற்கு அவரிடம் எதுவுமில்லை. அவளுக்கு இது பழைய செய்தி. முப்பத்துமூன்று நாளாகக் கேட்டுச் சலித்த செய்தி. உண்மை கையில் வந்த நாளில் அதற்கு மதிப்பில்லாமல் பண்ணி வைத்திருந்தார் மனிதர். இதைவிட அழகாக ஒருவர் தன் காலைத் தானே வாரிவிட்டுக்கொள்ள முடியாது.

அவள் விழித்திருந்தாள். மெலிந்த முகத்தில் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். அன்றைக்குப் பார்த்து அவள் கேட்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கேட்கவில்லை. ஐந்து நிமிஷம் போயிற்று. அவருக்குத் தாங்கவில்லை.

"இன்னிக்கு இருபத்தாறு!" என்றார்.

முதல் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

8.

முடிவுகள்.

(அ) அவள் சிரிக்கிறாள். "அப்போ நேத்து எத்தனை?" என்கிறாள். அவர் எல்லாவற்றையும் சொல்கிறார், சாக்கு உட்பட. இருவரும் நர்ஸ் வந்து அதட்டுகிற அளவுக்குச் சிரிக்கிறார்கள். (இனிப்பு அதிகம். எனக்கே திகட்டுகிறது.)

(ஆ) அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். ஐந்து வாரமாக அந்த எண்ணை நம்பித்தான் தூங்கியிருக்கிறாள். (இதை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.)

(இ) "சில்லர்கிட்ட சொல்லுங்க," என்கிறாள் அவள், "நல்லாப்

(போதும்.)

அதற்கு மூன்றாம் நாள் அவள் இறந்தாள். மீன்கள் பிழைத்துக்கொண்டன. யார் போனது என்று அவற்றுக்குத் தெரியாது, தெரிந்தது போல் எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

உண்மையில் என்ன சொன்னாள் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும். அந்த அறையில் இருந்த இரண்டு பேரில் மிச்சம் இருப்பவன் நான்தான். ஆனால் நான் சொன்னால் நீங்கள் எதை வைத்து நம்புவீர்கள்? சாகக் கிடந்தவளிடம் முப்பத்துமூன்று நாள் முகம் மாறாமல் பொய் சொன்னவன் நான். முப்பத்துநாலாம் நாளுக்கு மட்டும் என் வார்த்தை செல்லும் என்று எண்ணுகிற அளவுக்கு உங்களை ஏமாளிகளாக நினைக்கவில்லை.

ஆகவே நான் எழுந்துகொள்கிறேன். கட்டிலின் இடது பக்கம் ஸ்டூல் இருக்கிறது, ஒரு கால் கொஞ்சம் ஆடும், பார்த்து உட்காருங்கள். குரல் அவளுக்கு மெலிந்துவிட்டது, குனிந்தால்தான் கேட்கும். அவள் வாயைத் திறக்கிறாள்.