கனகலட்சுமியின் நெஞ்சில் கேட்ட விசில்

தங்கை மாரிச்செல்வியின் கருமாதியன்று பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது, கனகலட்சுமியின் நெஞ்சுக்குள் அடுத்த தெருக்காரர் ஒருவருடைய இளைப்பு விசிலடித்தது. அவளுக்கு மூச்சில் எந்தக் கோளாறும் கிடையாது. சாம்பார் வாளியோடு நின்ற அவள் கணவன் மலைச்சாமிக்கும், உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கும் அது நன்றாகவே கேட்டது. சத்தம் எந்தப் பக்கம் போனால் கூடுகிறதோ அந்தப் பக்கமாகவே அவள் நடந்து போனாள். அடுத்த தெருவில் ஒரு மில் தொழிலாளி சுவரைப் பிடித்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். ஆட்டோ வைத்து அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியதும் விசில் நின்றது. திரும்பி வந்து மிச்சமிருந்த பந்திக்கு இலை போட்டாள்.

மாரிச்செல்விக்குச் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. பெண் பார்க்க வந்தவர்களிடம் அதைச் சொல்லாமல் மறைத்து ஆலங்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே அவள் இன்ஹேலரை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். ஒருநாள் யாரோ பானையை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். பானை எங்கே என்று மாமியாரிடம் கேட்டால் எதற்கு என்று கேட்பாரே என நினைத்து, கேட்காமலே தேடியிருக்கிறாள். தேடிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனாள்.

அதன்பின் வந்த வருஷங்களில் செட்டியார்பட்டியிலிருந்து பிளவக்கல் அணை வரைக்கும் யாருக்கு மூச்சடைத்தாலும் ராஜபாளையத்துத் தையல்கடையில் உட்கார்ந்திருக்கும் கனகலட்சுமியின் நெஞ்சு விசிலடித்தது. கிழவர்களுக்கு ஒரு சுருதி, பிள்ளைகளுக்கு வேறு. பள்ளி ஆண்டுவிழாவில் முந்திரிக் கேக் தின்று தொண்டை வீங்கிப்போன சிறுமிக்காக அவள் நெஞ்சில் எழுந்தது கொசுவின் ரீங்காரம் போல இருந்தது. சொந்தக்காரர்கள் கனகலட்சுமியைக் குறி சொல்லும் கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். பயனில்லை. அரசு டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, இது யாருடைய சத்தம் என்று விசாரித்தார். ஒரு இன்ஹேலரையும் அதை மாட்டி உறிஞ்சும் குழாயையும் கொடுத்து, பயன்படுத்தும் முறையைக் கற்றுக்கொடுத்தார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: விசில் மெலிந்துகொண்டே வந்து நின்றால் குணமாகிவிட்டது என்று நினைக்காதே, காற்றே உள்ளே போகவில்லை என்றாலும் விசில் நிற்கும்.

மலைச்சாமி பட்டாளத்திலிருந்து திரும்பி வங்கி வாசலில் காவலுக்கு நிற்பவன். டூட்டி முடிந்ததும் அவளை வண்டியில் வைத்து மில் வாசல்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கூட்டிப்போனான். எங்கே போனாலும் அவள் பேசியது ஒரே பேச்சு. "வாயில அடிக்கிற மருந்து பழகிப்போவும்னு சொல்லுதத நம்பாதீங்க. இளைப்பு இருக்குதத மறைக்காதீங்க. கல்யாணத்துக்கு மின்னாடியே சொல்லிருங்க." கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பெண்ணைப் பெற்றவர்கள் எழுந்து போனார்கள்.

போன மே மாதம், ஆஸ்துமா தினத்தன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் சங்கம் அவளுக்குப் பாராட்டு விழா நடத்தியது. சங்கத் தலைவி வெள்ளத்தாய் தன் மகனுக்குக் கல்யாணம் முடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மாலையும் புகையும் வேண்டாம் என்று கனகலட்சுமி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். இவ்வளவு பெரிய மரியாதையைச் சாம்பிராணி இல்லாமல் எப்படிச் செய்வது என்று வெள்ளத்தாய் அதைக் கேட்கவில்லை. ஏசி போட்டு அடைத்த மண்டபத்தில் புகை கூரை வரை நின்றது. மருமகள் பாண்டிசெல்வி ஆரத்தித் தட்டோடு மேடை ஓரத்தில் சிரித்த முகமாக நின்றாள்.

சால்வை தோளில் விழுந்த நொடியில் விசில் கிளம்பியது. கூட்டம் கைதட்டுவதை நிறுத்தியது. கனகலட்சுமி மைக்கைப் பிடித்தாள்.

"இந்த மண்டபத்துக்குள்ளதான் யாருக்கோ முடியல. கையத் தூக்குங்க."

ஒரு கையும் உயரவில்லை. கீழே இறங்கி வரிசை வரிசையாக நடந்தாள். பின்வரிசைகளுக்குப் போகப்போகச் சத்தம் குறைந்தது. மேடைப்பக்கம் திரும்பி ஓடிவந்தாள். பாதி வழியில் விசில் நூலாக இளைத்து, அறுந்தது.

"நின்னுபோச்சு, சரியாயிருச்சு போல," என்று வெள்ளத்தாய் மூச்சு விட்டாள்.

கனகலட்சுமிக்கு டாக்டர் அழுத்திச் சொன்னது ஞாபகம் வந்தது. எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. இத்தனை பேரில் ஒரு நெஞ்சு மூடிக்கொண்டிருக்கிறது. மைக் இல்லாமலே கத்தினாள்.

"எல்லாரும் அவியவிய பேரச் சத்தமாச் சொல்லுங்க! சொல்லிக்கிட்டே இருங்க!"

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மண்டபம் முழுக்கப் பெயர்கள் இரைந்தன. அவள் ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். மேடை ஓரத்தில் பாண்டிசெல்வியின் உதடுகளும் அசைந்தன. சத்தம் வரவில்லை. ஆரத்தித் தண்ணீர் தட்டில் தளும்பிக்கொண்டிருந்தது. தட்டைப் பிடித்திருந்த விரல்களின் நகங்கள் நாவல்பழ நிறத்துக்கு மாறியிருந்தன.

கனகலட்சுமி தட்டைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். இன்ஹேலரைக் குழாயில் மாட்டி நீட்டினாள். பாண்டிசெல்வி மாமியாரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"எம் மருமகளுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் கெடயாது," என்றாள் வெள்ளத்தாய். பிறகு நகங்களைப் பார்த்தாள். "ஏட்டி, எங்ககிட்ட சொல்லவே இல்லையே..."

"அதுக்குப் பதில் சொல்ல அவகிட்ட இப்ப மூச்சு இல்ல மதினி. பொறவு கேளுங்க."

வெள்ளத்தாய் மருமகளின் தாடையைப் பிடித்துத் தானே வாயைத் திறந்தாள். "இழுடி தாயி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இழு."

முதல் முறை பாதிதான் போனது. கனகலட்சுமி மறுபடி அழுத்தினாள், செத்த நேரம் விட்டு மறுபடியும். மலைச்சாமி கதவுகளை உதைத்துத் திறந்தான். யாரோ சாம்பிராணிச் சட்டியைத் தெருவில் கொண்டுபோய்க் கவிழ்த்தார்கள். கனகலட்சுமியின் நெஞ்சில் விசில் மெல்லத் திரும்பி வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டு அழுதது அந்த ஒருமுறைதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் காரில் வெள்ளத்தாய் கேட்டாள், "மருந்த எங்க வச்சிருக்க?"

"பட்டுச்சேலைக்கு அடியில, அத்தை."

"இனிமே டிவிக்குப் பக்கத்துல வையி. வாரவன் போறவன் பாத்துட்டுப் போகட்டும்."

விழா பாதியில் நின்றதால் கனகலட்சுமிக்குக் கேடயம் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் பாண்டிசெல்வியே தையல்கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். இருவரும் டீ குடித்தார்கள்.

விசில் இன்றுவரை நிற்கவில்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஓடும் டவுன் பஸ்ஸில் கனகலட்சுமியின் நெஞ்சு சத்தமிட்டால் ஓட்டுநர் ஓரங்கட்டுகிறார், பயணிகள் ஜன்னலைத் திறந்துவிடுகிறார்கள். "யாருக்குப்பா?" என்று நடத்துனர் கேட்கிறார். கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு கை மேலே வருகிறது.