போடியில் சிவப்பு முட்டை

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பரமசிவன் மலையைப் பார்த்து நின்று, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்கிறேன். எழுபத்தாறு வயதில் பொய் சொல்வதற்கு வேண்டிய ஞாபகசக்தி எனக்கு இல்லை.

கதை சலூனில் கிடைத்தது. முடிவெட்டி முடிவதற்குள் பாதிதான் கேட்டேன். மீதி உண்மையை நானே தெரிந்துகொண்டேன்.

முதல் வாக்கியத்தை இப்படி ஆரம்பித்தேன்: 'ஏலமலை மேல் மேகம் இறங்கியபோது எலேனியின் கிரேக்க ரத்தம்…' அதற்குமேல் ரத்தம் என்ன செய்யும் என்று தெரியவில்லை. அன்றைக்கு மேகமும் இல்லை. அடித்துவிட்டேன்.

2

எலேனி மெல்போர்னில் பிறந்த கிரேக்கப் பெண். அங்குள்ள கம்பெனி ஒன்றுக்கு ஏலக்காய் வாங்கி அனுப்ப, ஒரு வருஷ ஒப்பந்தத்தில் போடிக்கு வந்தாள். ஞானபாக்கியம் வீட்டு மாடியில் குடியிருந்தாள். ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கும் பெண்களிடம் தமிழ் பழகியதால், வணக்கத்துக்கு முன்பே வசவு படிந்துவிட்டது.

அவளுடைய அப்பா ஸ்தவ்ரோஸ் கிரேக்கத் தீவொன்றிலிருந்து போய் மெல்போர்னில் ரொட்டி சுடுகிறவர். வீட்டுக்குள் கிரேக்கப் பேச்சு, கிரேக்க நோன்பு, கிரேக்கக் கோபம். இதெல்லாம் உங்கள் தீவோடு போகட்டும் என்று சொல்லிவிட்டு மகள் ஒருநாள் மேஜையைவிட்டு எழுந்து போனாள். அம்மாவும் காலமான பிறகு, ஈஸ்டர் மேஜையில் அவருக்கு எதிரே ஆளில்லை.

போடியில் முதல்நாள் ஸ்டோருக்குள் நுழைந்தவள், மூட்டையைப் பிரித்ததும் அசையாமல் நின்றுவிட்டாள். அது அப்பா ஏலக்காய் போட்டுச் சுடும் ஈஸ்டர் ரொட்டியின் வாசனை. (கடல் தாண்டி ஓடியவளை அப்பா போடியில் வந்து பிடித்தார் என்று எழுதினேன். ரொம்ப நன்றாக இருந்ததால் சந்தேகம் வந்து அடைப்புக்குள் போட்டுவிட்டேன்.)

அன்றே போன் போட்டு, இந்த வருஷம் நானும் முட்டை மோதுகிறேன் என்றாள். அவர்கள் வழக்கப்படி ஈஸ்டருக்கு முட்டையை வேகவைத்து, சிவப்புச் சாயம் ஏற்றி, இரண்டு பேர் எதிரெதிரே நின்று மோதவேண்டும். உடையாத முட்டைக்காரருக்கு வருஷம் முழுக்க யோகம். அப்பா, எதிரே நிற்கப்போவது யார் என்று மட்டும் கேட்டார். "தனியா உடைச்சா அதுக்குப் பேரு ஆம்லெட்டு."

(அவர் கிரேக்கத்தில்தான் சொன்னார். நமக்காகப் போடித் தமிழில் சொல்லவைத்திருக்கிறேன்.)

3

அந்த வருஷம் கிரேக்க ஈஸ்டர், அவர்களுடைய பழைய நாள்காட்டிக் கணக்குப்படி, நம்மூர் ஈஸ்டருக்கு ஐந்து வாரம் பிந்தி வந்தது. ஞானபாக்கியத்துக்கு அது விளங்கவே இல்லை. "அவரு போன மாசமே உயிர்த்துட்டாரே ஆத்தா, நீ இன்னும் எதுக்குக் காத்துக் கெடக்க?"

எலேனி புரோட்டாக் கடையில் ஒரு சாக்கு வெங்காயத் தோல் வாங்கிவந்து, ஒரு அட்டை முட்டையை அதில் வேகவைத்து, செக்கச்செவேலென்று மொட்டைமாடிச் சுவரில் வரிசையாகக் காயவைத்தாள்.

எதிர்வீட்டு ஜக்கம்மாள் பார்த்துவிட்டார். முச்சந்தியில் குங்குமம் தடவிய முட்டை ஒன்று கிடந்தாலே சுற்றிக்கொண்டு போகிற தெரு அது. செய்வினை என்று பத்து வீட்டுக்கும் முடிவாகிவிட்டது. சிலமலை பஸ்சில் ஏறிய செய்தி இறங்கும்போது முட்டைகள் கண் திறந்திருந்தன. தேவாரத்தில் சோளக்காட்டுக்குள் இறங்கிய யானை, விஷயம் கேள்விப்பட்டு மலைக்கே திரும்பிப் போனது. (யானையை நேரிலேயே விசாரித்துவிட்டேன்.)

எலேனி மோதுவதற்கு ஆள் தேடினாள். ஸ்டோர் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று சோலி வந்துவிட்டது. ஞானபாக்கியம், தனக்குச் செய்வினையில் துளியும் நம்பிக்கை இல்லை என்றார். முட்டையைத் தொடவும் முடியாது என்றார்.

4

ஞாயிறு காலை. சொம்பில் சாய்த்துவைத்த போனில் அப்பா வந்தார். கோட்டுப் போட்டிருந்தார். அவளுக்குப் பின்னால் யாராவது தெரிகிறார்களா என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். இல்லை என்று சொல்ல எலேனி வாயெடுத்த நேரத்தில், வேப்பங்குழையோடு ஜக்கம்மாள் படியேறி வந்தார்.

"இத யாருக்கு வச்ச?"

"மோத."

"மோதி?"

"ஒடையாதவுங்களுக்கு யோகம்."

"ஒடைஞ்சா?"

"உரிச்சுத் திங்கணும்."

செய்வினையை உப்புப் போட்டுத் தின்று தீர்க்கலாம் என்பதை ஜக்கம்மாள் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

"அப்ப நான் ஒன்னோடத ஒடைச்சுட்டா, நீ வச்சது ஒனக்கே திரும்பிரும்?"

எலேனி அப்பாவைப் பார்த்தாள். அவர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

"ஆமா," என்றாள்.

"கொண்டா."

ஜக்கம்மாள் வேப்பங்குழையை இடுப்பில் செருகிக்கொண்டு முட்டை பொறுக்கினார். ஒவ்வொன்றையும் முன்பல்லில் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டு, நாலைந்தைத் தள்ளினார். மெல்போர்னில் அப்பா எழுந்து நின்றுவிட்டார். அவருடைய தீவில் கெட்டி ஓடுள்ள முட்டையை அப்படித்தான் தேடுவார்களாம். "அந்தம்மா நம்ம ஊரா?"

எலேனி மேஜையைவிட்டு எழுந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவருக்குக் கிரேக்கத்திலேயே பதில் சொன்னாள். "எதிர்வீடு அப்பா."

5

இங்கே முடிவு மூன்று இருக்கிறது. ஒன்று: எலேனியின் முட்டை உடைகிறது, ஜக்கம்மாள் வெற்றிப்பொருளாக அத்தனையையும் அள்ளிப்போய்த் தெருவுக்கே குழம்பு வைக்கிறார். இரண்டு: ஜக்கம்மாளுடையது உடைகிறது, செல்லாது, இன்னொரு ஆட்டம் என்று உட்கார்ந்துவிடுகிறார். மூன்றாவதில் இரண்டு முட்டையும் ஒரே நேரத்தில்… வேண்டாம், அது சினிமா.

நான் எதையும் உடைப்பதாக இல்லை. இரண்டு முட்டையும் நெருங்கிவிட்டன. மெல்போர்னில் மனிதர் நின்றபடியே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்களே பார்த்து வெரசா ஒன்றை உடைத்துக்கொள்ளுங்கள்.

ஞானபாக்கியத்தின் வீடு ஓட்டு வீடு. அதற்கு மாடி கிடையாது.